இந்த அட்டையை வரைந்தவர் யார்?

வணக்கம். பழைய தமிழ்ப் புத்தக அட்டைகளை ஸ்கேன் செய்து, ஓவியர் பெயரோடு பகிர்ந்து வருகிறேன். படத்தில் உள்ள சிறுகதைத் தொகுப்பில் மாட்டிக்கொண்டேன். பழைய புத்தகக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது.

இரண்டே நிறம், கறுப்பும் செங்கல் சிவப்பும். தாளின் வெள்ளையை அப்படியே விட்டு அதையே வெயிலாக்கியிருக்கிறார். என்ன கை! உள்ளே அச்சகம், விலை, பதிப்பாண்டு எல்லாம் இருக்கிறது. 'அட்டை ஓவியம்' என்ற வரி மட்டும் இல்லை. வலது கீழ்மூலையில் கையெழுத்து பாதி வெட்டுப்பட்டு, 'ம்' மட்டும் மிச்சம்.

தலைப்பெழுத்தைப் பார்த்து ஓவியர் ஆதிமூலம் என்கிறார் நண்பர். ஆதிமூலம் 2008இல் காலமானார்; புத்தகத் தலைப்புகளைக் கையால் எழுதியதற்குப் பேர்போனவர். ஆனால் அந்தப் பாணியில் எழுதியவர்கள் பலர். எழுத்து ஒருவர், படம் இன்னொருவர் என்றும் இருக்கலாமே. ஊகத்தில் பெயர் போட மனமில்லை.

கூகுள் லென்ஸில் தேடினால் பின்டரெஸ்ட்தான் வருகிறது, அங்கேயும் பெயரில்லை.

யாரிடமாவது ஓரம் வெட்டுப்படாத பிரதி இருந்தால், அந்த மூலையை மட்டும் படமெடுத்துப் போடுங்களேன். அப்புறம், உயிரோடு இருப்பவர் என்றால் அனுமதியும் கேட்க வேண்டும்.