ஹாட்லைனில் கேட்ட எட்டு

பெங்களூரில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கண்ட்ரோலர் நான். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

இந்த ஊர் வானம் ஒரு கூட்டுக் குடித்தனம். தேவனஹள்ளியில் பயணிகள் விமானம், எலஹங்காவில் விமானப்படை, எச்.ஏ.எல்.லில் சோதனை ஓட்டம், ஜக்கூரில் பயிற்சி விமானங்கள். தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. விமானத்தின் உயரமானி 4,000 காட்டினால் காலுக்குக் கீழே ஆயிரம் அடிதான். இரண்டு விமானங்களுக்கு நடுவே மேலும் கீழும் 1,000 அடி வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் 5 கடல் மைல், விமான நிலையத்துக்கு அருகில் 3. போர் விமானம் 400 நாட் வேகத்தில் வந்தால் அந்த 5 மைலை முக்கால் நிமிடத்தில் விழுங்கிவிடும். அதனால் ராணுவத்தோடு எங்கள் பேரம் பெரும்பாலும் உயரத்தில்தான்.

தினமும் ராணுவக் கண்ட்ரோலர்கள் ஹாட்லைனில், அதாவது நேரடி போனில், தங்கள் விமானங்களுக்கு 7,000 அடி வரை கேட்பார்கள். அன்று பேசியவர் மேகம் காரணமாக 8,000 கேட்டார். காது எட்டு என்று கேட்டது, கை பழக்கதோஷத்தில், விமான விவரம் குறிக்கும் ஸ்ட்ரிப் காகிதத்தில் ஏழு என்று எழுதியது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதற்குள் சென்னையிலிருந்து வந்த விமானம் இறங்க அனுமதி கேட்டது. ஏழுக்கு மேல் எட்டு காலிதானே என்று 8,000 கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஹாட்லைனுக்குத் திரும்பி, ஸ்ட்ரிப்பைப் பார்த்து “ஏழாயிரம்” என்றேன்.

“நெகட்டிவ். எட்டு.”

ரேடார் திரையில் சென்னை விமானம் 10,400. குரல் நடுங்காமல் 9,000-இல் நிறுத்தினேன். பைலட்டுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு டீ இறங்கவில்லை.

— சார், டெல்லியிலிருந்து எழுதுகிறேன். படிக்கும்போது ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதியதுதான் ஞாபகம் வந்தது. 1996 நவம்பர் 12. வான்பரப்பின் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால், டெல்லிக்கு வருவதும் போவதும் ஒரே பாதையில். சவுதி விமானத்துக்கு 14,000, எதிரே வந்த கசாக் விமானத்துக்கு 15,000. கசாக் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்றைய கண்ட்ரோலரின் ரேடாரில் உயரமே தெரியாது, பைலட் சொல்வதுதான் கணக்கு. 349 உயிர். என் மாமா அப்போது டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் குடியிருந்தார், இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒரு சந்தேகம்: நீங்கள் பைலட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்த ராணுவக் கண்ட்ரோலர் ஏன் போனை வைக்கவில்லை?

— நல்ல கேள்வி தம்பி. ஆறு மாதம் கழித்து ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். மதுரைக்காரர். வேலையில் இங்கிலீஷ் மட்டுமே என்பதால் அதுவரை இருவருக்கும் தெரியாது. இதையேதான் கேட்டேன். சிரித்தார். “நீங்க இன்னும் திருப்பிச் சொல்லலையேண்ணே, எப்படி வைக்கிறது?”