மேக்கப் பக்கம் தொடங்க ஆசை, ஹால் வீடியோ போடக் காசில்லை. வேறு எதைப் போடலாம்?

கோண்டாவில் மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டு முன்னறையில் வைத்துத் திரெடிங், பேசியல், கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகிறது. ஆடியும் மார்கழியும் வந்தால் கதிரை காலியாகத்தான் கிடக்கும். இந்த ஆடியில் சும்மா இருக்காமல் யூடியூபிலும் டிக்டொக்கிலும் ஒரு பக்கம் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

நினைத்த அன்றே தலை சுற்றிவிட்டது. ஒருத்தி ஹால் போடுகிறாள், ஒருத்தி அன்பாக்சிங், இன்னொருத்தி வெறும் டப்பாக்களை மேசையில் பரப்பி வைத்துக் கதைக்கிறாள். ஸ்வாட்ச், டூப், கெட் ரெடி வித் மீ என்று வேறு. எல்லாம் ஒன்றா, வெவ்வேறா என்றே பிடிபடவில்லை. கனடாவில் இருக்கிற மச்சாளைக் கேட்டால், "ஹால் போடு, அதைத்தான் சனம் பார்க்கும்" என்கிறாள். ஹாலுக்கு நான் எங்கே போவது? என்னுடைய லாச்சிக்குள் இருப்பது இரண்டு பவுண்டேஷன், ஒரு கன்சீலர், ஏழு லிப்ஸ்டிக். அதிலும் ஒன்றுக்கு மூடி இல்லை.

போன் சுமார்தான். ரிங் லைட் கிடையாது. முகம் காட்டுவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை, கை மட்டும் என்றால் பரவாயில்லையாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்குவது?


ஏழாலை அக்கா:

தங்கச்சி, மச்சாளின் சொல்லைக் கேட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். நான் பதினெட்டு வருடமாகப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறேன். பக்கம் நடத்துவது 2019இலிருந்து. முதல் பத்து வீடியோவும் மற்றவர்களைப் பார்த்துப் போட்டவை. அவற்றைப் பார்த்தது என் அக்காவின் பிள்ளைகள் மட்டும்தான், அதுவும் நான் சொல்லி.

முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம். ஹால் என்றால் வாங்கி வந்ததையெல்லாம் பரப்பிக் காட்டுவது. இன்னும் முகத்தில் பூசவே இல்லை. ஆகவே அந்தச் சாமானைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பெட்டி வடிவாக இருக்கிறது என்பது மட்டும். அன்பாக்சிங் அதன் கூடப்பிறந்தது, பெரும்பாலும் கொம்பனி இலவசமாக அனுப்பிய பார்சல். ஒரு தடவை பூசிப் பார்த்துவிட்டுச் சொல்வது முதல் அனுபவம். விலை கூடிய ஒன்றுக்கு ஈடாக மலிவுச் சாமானைக் காட்டினால் டூப். கெட் ரெடி வித் மீ என்பது வெளிக்கிட்டுக்கொண்டே கதைப்பது. நல்லூர்த் தேருக்குப் போகிற காலை ஒரு கண்ணாடிக்கு முன்னால் ஆறு பெண்கள் முண்டியடித்துச் செய்வதை இவர்கள் தனியாகப் போனுக்கு முன்னால் செய்கிறார்கள், அவ்வளவுதான். படிப்படியாகச் செய்து காட்டும் வீடியோதான் இவற்றில் பழையது. அமெரிக்காவில் மேக்கப் வீடியோவால் பெயரெடுத்த மிஷெல் பான் 2007இல் யூடியூபில் அதைத்தான் போடத் தொடங்கினார். 2023இல் "இதை வாங்காதே" என்று சொல்கிற வகை ஒன்று டிக்டொக்கில் பரவியது. அதிலும் பலர் கடைசியில் "அதற்குப் பதிலாக இதை வாங்கு" என்றுதான் முடித்தார்கள்.

இவ்வளவும் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சனம் கேட்பது ஒரே கேள்வி: நின்று பிடிக்குமா?

அது எனக்குப் புத்தியில் ஏறிய நாளைச் சொல்கிறேன். ஆவணி மாதக் கலியாணம், ஏசி இல்லாத மண்டபம். விடிய மூன்றரைக்குப் பொம்பிளையை இருத்தி பிரைமர், பவுண்டேஷன், பவுடர் எல்லாம் முடித்து அனுப்பினேன். கண்ணாடி மாதிரி இருந்தது முகம். மணவறையில் ஓமம் வளர்க்கத் தொடங்கியதும் நெருப்பு அலையும் என்று ஃபேனையும் நிற்பாட்டிவிட்டார்கள். கூறை மாற்ற அறைக்குள் வந்த பிள்ளையைப் பார்த்தால், மூக்கின் இரண்டு பக்கமும் பவுண்டேஷன் பிரிந்து, திரிந்த பால் போலத் துகள் துகளாக நிற்கிறது. மேலே பவுடர் போடப் போட இன்னும் மோசம். வெளியே ஐயர் பொம்பிளையைக் கூப்பிடச் சொல்கிறார். ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்தெடுத்து, விரலால் கொஞ்சம் கன்சீலர் வைத்து அனுப்பினேன். என் கை நடுங்கியது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

பிழை என்னுடையது. சிலிக்கோன் பிரைமருக்கு மேல் தண்ணீர்ப் பதமான பவுண்டேஷனைப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒட்டாது. வீட்டில் காற்றாடிக்குக் கீழே போட்டுப் பார்த்தபோது தெரியவில்லை, வியர்வை வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. பிள்ளையைக் கேட்டு, மூக்கும் கன்னமும் மட்டும் தெரியும் படம் இரண்டைப் போட்டேன். விடிய நாலரைக்கு எடுத்தது ஒன்று, கூறை மாற்றும்போது எடுத்தது ஒன்று. கீழே நடந்ததை எழுதினேன். "இனி வேலை வராது, நீயே உன் வாயால் கெடுத்துக்கொண்டாய்" என்றார் என் மாமி. அந்த மாதம் வந்த மூன்று கலியாணமும் அந்தப் பதிவைப் பார்த்து வந்தவைதான்.

ஆகவே உங்கள் இரண்டு பவுண்டேஷனும் போதும். காலை எட்டு மணிக்குக் கையின் மேற்புறத்தில் ஒவ்வொன்றாகப் பூசுங்கள். குசினி வேலையைப் பாருங்கள், சைக்கிளில் சந்தைக்குப் போய் வாருங்கள், பன்னிரண்டுக்கும் நாலுக்கும் திரும்ப எடுங்கள். முகமே தேவையில்லை, அப்பாவுக்கும் சந்தோஷம்.

நிறத்தைக் கையில் தடவிக் காட்டுகிற ஸ்வாட்சும் அப்படித்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தால். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி கொம்பனி 2017இல் ஒரே தடவையில் 40 நிறத்தில் பவுண்டேஷன் கொண்டுவந்த பிறகுதான் நிற வரிசையைப் பற்றிப் பெரிய கதை வந்தது. இங்கே கடையில் எங்களுக்குப் பொருந்துவதாக மூன்றோ நாலோ கிடைத்தால் அதிகம். அதில் எது சாம்பல் அடிக்கும், எது மஞ்சள் அடிக்கும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. யன்னலடியில் நின்று, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். பூசியவுடன் ஒன்று, கால் மணித்தியாலம் கழித்து ஒன்று. சில பவுண்டேஷன் காற்றுப் பட்டுக் கறுக்கும். பிறகு, வேண்டுமென்றே ஃபிளாஷ் போட்டும் ஒரு படம். டைட்டானியம் டையொக்சைட் கூடிய சன்ஸ்கிரீனும் சிலிக்கா பவுடரும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, கலியாண ஆல்பத்தில் பொம்பிளை மா பூசியது போல நிற்பாள்.

வெறும் டப்பா வீடியோவை நான் முதலில் நக்கலாகத்தான் பார்த்தேன். பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஆகஸ்டில் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினார்களே, அதில் மேக்கப் சாமானும் அடக்கம். காம்பாக்ட்டின் அடித்தகரம் தெரியத் தெரியப் பாவித்தோம். லிப்ஸ்டிக்கின் அடியை ஹெயர்பின்னால் சுரண்டி ஒரு சின்னப் பேணியில் உருக்கி ஊற்றியதைப் போட்டேன். இன்றைக்கும் அதற்குக் கொமென்ட் வருகிறது. ஒருத்தி ஒரு சாமானை அடிவரை முடித்திருக்கிறாள் என்பதைவிட நம்பக்கூடிய விமர்சனம் என்ன இருக்கிறது?

இன்னொன்று உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. கூறைச் சேலை உடுத்துவது. வெளிநாட்டு வீடியோவில் ஒரு மணித்தியாலம் எடுத்து மடிப்பு வைக்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பது கால் மணித்தியாலம், அதற்குள் சேலை, நகை, தலைப்பூ. நான் ஒரு பொம்மைக்கு உடுத்தி, பக்கத்தில் மேசை மணிக்கூட்டை வைத்து, பதினாலு நிமிடத்தை வெட்டாமல் போட்டேன். கதைக்கவே இல்லை. என் பக்கத்தில் ஆகக் கூடுதலான பேர் பார்த்தது அதைத்தான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். இலவசமாக வந்த சாமான் என்றால் வீடியோ தொடங்கும்போதே வாயால் சொல்லுங்கள், கீழே சின்ன எழுத்தில் ஒளிக்க வேண்டாம். மற்றது, சாமத்திய வீட்டுக்கு வெளிக்கிடுத்தும் பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள், தாய் தகப்பன் ஓம் என்றாலும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்துக்குக் கீழே வருகிற கொமென்ட்டை நான் வாசித்திருக்கிறேன். தலை அலங்காரம் காட்ட வேண்டுமா, பின்பக்கம் எடுங்கள்.


ஸ்காபரோ குளிர்:

ஏழாலை அக்கா, ஹாலை இப்படிப் போட்டு மிதிக்காதீர்கள். எனக்குச் செபோரா ஹால் தேவையில்லை, அந்தக் கடை இங்கே கனடாவில் பக்கத்திலேயே இருக்கிறது. மல்லிகை திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ச் சீயாக்காய், வெந்தயம், பயற்றம் மா, செவ்வரத்தம் பூ, ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கி வந்து மேசையில் பரப்பிக் காட்டினால் நான் மூன்று தரம் பார்ப்பேன். ஒவ்வொன்றும் என்ன விலை என்று சொன்னால் என் அம்மா நாலு தரம் பார்ப்பார். அம்மம்மா சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து, தோய வார்க்கக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போன ஞாபகம் வேறு யாருக்கு இருக்கிறது? அதுவும் அழகுக் கதைதானே.


ஏழாலை அக்கா:

சரி, சந்தை ஹால் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை. கிணற்றடி என்றதும் ஒன்று: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது, சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளையாகப் படியும். வேறு ஊரில் "தலைமயிர் பட்டுப் போல வரும்" என்று காட்டிய ஷாம்பு இங்கே தும்புத்தடி மாதிரி விட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மல்லிகை, கிணற்றுத் தண்ணீரில் கழுவிய கூந்தலைக் காட்டுங்கள், அதை வேறு யாரும் காட்டப் போவதில்லை.


மருந்துக்கடைப் பிள்ளை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் அக்காமார். நான் பார்மசியில் நிற்கிறேன். மேலே யாரும் தொடாத ஒரு வகை இருக்கிறது: "ஏழு நாளில் வெள்ளை" என்று முன்னும் பின்னும் படம் போடுவது. லேபல் இல்லாத டப்பாவில் கிறீம், பேஸ்புக்கில் இன்பொக்ஸ் பண்ணச் சொல்லி விற்பனை. அப்படியான கிறீமைப் பூசி முகம் சிவந்து, மெல்லிய நரம்பு தெரியத் தெரிய வந்து நிற்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பல கிறீம்களில் கலந்திருப்பது கடுமையான ஸ்டீரொயிட். முதலில் பளபளக்கும், போகப் போகத் தோல் மெலியும், நிற்பாட்டியதும் எரிந்து சிவக்கும். சிலவற்றில் பாதரசம். அது தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாவதைத் தடுப்பதால் நிறம் குறைவது உண்மைதான், ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசுகிறவருக்கு மட்டுமல்ல, அதே துவாயைப் பாவிக்கிற குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையில் முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று எல்லை வைத்திருந்தார்கள். 2023இல் கூடியபோது, 2025க்குப் பிறகு அழகுசாதனங்களில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

மல்லிகை அக்கா, அந்த மாதிரி விளம்பரத்துக்கு உங்களிடமும் வருவார்கள். கொஞ்சம் பார்வையாளர் சேர்ந்ததும் முதலில் வருகிறது அவர்கள்தான்.

சந்தை ஹாலுக்கும் ஒரு சொல். தேசிக்காய்ப் புளியை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகச் சொல்லிவிடாதீர்கள். வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். புதுச் சாமான் எதுவானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.


கோண்டாவில் மல்லிகை:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். தேசிக்காய் விஷயம் எனக்குத் தெரியாது, போன கிழமைகூட ஒரு பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போதுதான் போன் எடுத்து வேண்டாம் என்றேன். அந்தக் கிறீம்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்துவிட்டார், பக்கம் தொடங்க முதலே! டப்பாவில் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. பதில் போடாமல் விட்டேன்.

இன்றைக்கு இரண்டு பவுண்டேஷனையும் கையில் பூசிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஒன்று வழித்து விட்டது போல இறங்கிவிட்டது. அதுதான் விலை கூடியது. வீடியோவில் பாதியில் அம்மா குசினியிலிருந்து "தேங்காய் துருவியாச்சோ" என்று கத்துகிறார். வெட்டவா, விடவா?


ஏழாலை அக்கா:

விடுங்கள். சத்தம் கிடக்கட்டும், வெளிச்சம் எப்படி? உங்கள் யன்னல் எந்தப் பக்கம் பார்த்தது? பின்னேர வெளிச்சம் மஞ்சளடிக்கும், நாலு மணிப் படத்தில் நிறம் பிழைக்கும்.


கோண்டாவில் மல்லிகை:

கிழக்குப் பக்கம்தான் அக்கா. பின்னேரம் அங்கே நேர் வெயில் இல்லை, அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதை மறைத்துக்கொண்டு அப்பாவின் சைக்கிள் நிற்கிறது. நாளைக்கு வெளியே எடுத்து விடச் சொல்லியிருக்கிறேன்.