அமாவாசையன்று டாரட் விரித்து அப்பத்தாவிடம் கேட்பது தவறா?

தாமரைக்கண்மாய்:
அப்பத்தா போய் ஆறு வருஷமாகிறது. அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைத்துவிடுவேன். சாயங்காலம் அவள் படத்துக்கு விளக்கேற்றி, அவளுடைய வெற்றிலை உரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாரட் என்னும், குறி பார்க்கும் படச்சீட்டுக் கட்டைக் கலைப்பேன். மூன்று சீட்டு: அவள் எனக்கு விட்டுப்போனது என்ன, குடும்பத்தில் இன்னும் தீராமல் கிடப்பது என்ன, நான் செய்ய வேண்டியது என்ன. போன ஆடி அமாவாசையன்று முதல் சீட்டாக ‘ஆறு கோப்பை’ வந்தது. அழுதுவிட்டேன். “வெள்ளைக்காரன் சீட்டை வைத்து நம்ம கிழவியைக் கூப்பிடாதே” என்று தம்பி சண்டை போடுகிறான். உங்கள் கருத்து என்ன?

கல்வெட்டு:
தம்பி சொல்வதில் பாதி சரி. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பிரபுக்கள் வீடுகளில் ஆடிய சீட்டாட்டம் இது. 22 துருப்பு, 56 சாதாரணச் சீட்டு, ஆக 78. முன்னோரும் கிடையாது, ஆவியும் கிடையாது. 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலன் என்பவர், இதில் பழைய எகிப்தியரின் ஞானம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை; பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அதற்கு வழி கண்டது 1822இல். சில வருஷத்தில் எத்தேய்யா என்பவர் குறி பார்ப்பதற்கென்றே தனிக் கட்டு அச்சடித்தார். உங்களிடம் இருப்பது அநேகமாக 1909இல் லண்டனில் வந்த கட்டு. பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களில் உங்கள் அப்பத்தா எப்படி வருவார்?

தாமரைக்கண்மாய்:
வரலாறு தெரியும் அண்ணா. கிளி எடுக்கும் சீட்டும் அச்சகத்தில் அடித்த சாமி படம்தானே? அதை நம் வீடுகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோமே.

கல்வெட்டு:
கேட்டிருக்கிறோம். ஆனால் கிளி ஜோசியர் “முருகன் படம் வந்திருக்கு, நல்ல காலம்” என்பார். உங்கள் அப்பத்தா பேசுகிறார் என்று எந்த ஜோசியரும் எங்கள் திண்ணையில் சொன்னதில்லை.

மேலூர்க்காரன்:
எனக்குச் சீட்டு எந்த ஊர் என்பது பெரிய விஷயமில்லை. எங்கள் குலசாமி கோயிலில் பூ கட்டிப் பார்ப்போம். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். ஒரு குழந்தை எடுக்கும், பிரித்தால் முடிந்தது. பங்காளிகள் எல்லாரும் சுற்றி நிற்பதால் யாரும் பூவின் நிறத்தை மாற்றிச் சொல்ல முடியாது. டாரட்டில் ஒரே சீட்டுக்குப் பத்து அர்த்தம். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து எடுத்தால், நமக்கு வேண்டிய அர்த்தத்தை அப்பத்தா வாயில் வைத்துவிடுவோம். என் பயம் அதுதான் தங்கச்சி.

விழுது:
அந்த வாயில் அடுத்தவர்களும் வார்த்தை வைப்பார்கள். அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஆன்லைனில் ஒருவரிடம் ரீடிங் பார்த்தேன். முதலில் 1,500 ரூபாய். ‘தீர்ப்பு’ சீட்டு வந்தது: தேவதை எக்காளம் ஊத, சவப்பெட்டிகளிலிருந்து ஆட்கள் எழுந்து நிற்பார்களே, அதுதான். “அம்மா சாந்தியடையவில்லை, உங்கள் மேல் கோபமாக இருக்கிறார்” என்றார். பரிகாரத்துக்கு 11,000 கேட்டார், கொடுத்தேன். பணம் போனால் போகட்டும். அம்மா கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாபகத்தின் மேல் அந்த ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துவிட்டது, இன்னும் போகவில்லை. தயவுசெய்து யாரும் இறந்தவர் பெயரில் சீட்டு எடுக்காதீர்கள்.

தாமரைக்கண்மாய்:
விழுது அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொன்னது பாவம். நான் மற்றவர்களுக்குப் பார்ப்பதில்லை, இனியும் மாட்டேன். “அப்பத்தா சொல்கிறாள்” என்ற பேச்சையும் விட்டுவிடுகிறேன். மேலூர் அண்ணன் சொன்னது உறைத்தது.

ஆனால் அந்த ஆறு கோப்பையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பையன் வெள்ளைப் பூ நிறைந்த கோப்பையை ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்டுகிற படம். பார்த்ததும், வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து அப்பத்தா பூக்கட்டுவது நினைவுக்கு வந்தது. கட்டை விரலில் நார் அறுத்த தழும்பு இருக்கும். வீட்டுக்குப் பூக்கட்டி அவ்வளவு தழும்பு வருமா என்று தோன்றியது. மறுநாள் பெரியத்தைக்குப் போன் செய்தேன். மழை பொய்த்த ஒரு வருஷம் முழுக்க அப்பத்தா கோயில் வாசலில் பூ விற்றாளாம். “அந்தக் காசுலதான் உங்கப்பாவுக்கு ஹாஸ்டல் பணம் கட்டுனது, வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா” என்றார். அப்பாவுக்கே இது தெரியாது.

கல்வெட்டு:
அப்படியானால் சொன்னது அத்தைதானே, சீட்டு இல்லையே. சீட்டு எடுக்காமலேயே கூப்பிட்டிருக்கலாமே?

தாமரைக்கண்மாய்:
கூப்பிட்டிருக்கலாம். ஆறு வருஷமாகக் கூப்பிடவில்லை அண்ணா.

மேலூர்க்காரன்:
அத்தைக்கு என்ன வயசு?

தாமரைக்கண்மாய்:
எழுபத்தாறு. காது மந்தமாகிவிட்டது.

மேலூர்க்காரன்:
அடுத்த அமாவாசைவரை காத்திருக்காதே. நேரில் போ, போனில் குரலைப் பதிவு செய்துகொள். வெற்றிலை உரலையும் எடுத்துப் போ, பார்த்தால் இன்னும் பேசுவார்.

தாமரைக்கண்மாய்:
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அப்பாவையும் கூட்டிப் போகிறேன்.