பழைய நகை வாங்கும் தொழிலில் பார்த்த ஆட்கள்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஈரோட்டான்:
பழைய தங்கம் வாங்கி விற்கிற தொழிலில் எனக்கு இது 14-வது வருடம். விலை ஏற ஏறக் கடைக்கு வருகிற கூட்டமும் கூடுகிறது, கூடவே வம்பும் வருகிறது. ஆனால் போன மாதம் என்னைத் திணறடித்தவர் ஏமாற்றுக்காரர் இல்லை.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஓர் ஆத்தா, பேரனோடு வந்தார். மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு கெம்புக்கல் அட்டிகையை எடுத்து வைத்தார். "அஞ்சு பவுனுங்க கண்ணு, எங்க மாமியா போட்டது." தராசில் 41 கிராம் காட்டியதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. திருப்பி நகத்தால் தட்டினால் மொத்தென்று சத்தம், உள்ளே அரக்கு. தகட்டைக் கூடாக அடித்து அரக்கு நிரப்பி அதன்மேல் கல் பதிப்பது அந்தக் காலத்து வேலை, அதில் மோசடி எதுவும் இல்லை. அதை விற்க வந்தவருக்குப் புரிய வைப்பதுதான் பாடு.

உருக்கலாமா என்று மூன்று தடவை கேட்டேன். உருக்கின பிறகு நகையைத் திருப்பிக் கொடு என்றால் எங்கே போவது? கல்லையெல்லாம் நெம்பி எடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே மூசையில், அதாவது உருக்குகிற குவளையில் வைத்து, வெண்காரம் போட்டு உருக்கினோம். அரக்கு வெந்த புகையில் பேரன் வெளியே ஓடிவிட்டான். கட்டி 29.400 கிராம், டச் 84, அதாவது நூற்றுக்கு 84 பங்குதான் தங்கம். அதை 22 காரட், அதாவது 916 கணக்குக்கு மாற்றினால் 27 கிராம் முழுசாக வரவில்லை. மூன்றேகால் பவுனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

"அப்ப எங்க மாமியா சாகுற வரைக்கும் பொய்யா சொன்னா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பணத்தைப் பேரன் வாங்கி எண்ணினான். ஆத்தா மேசையில் கிடந்த கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதுக்கு விலை இல்லீங்க ஆத்தா என்றேன். "இல்லாட்டிப் போகுது, அது எம்பட சாமான்."

செல்வபுரத்தான்:
கோவையில் எக்ஸ்ரே வைத்துத் தங்கத்தின் தரம் பார்க்கிற டச் மெஷின் வைத்திருக்கிறேனுங்க. மெஷின் சொன்னால் வேதவாக்கு என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எக்ஸ்ரே பார்ப்பது மேல்தோலைத்தான். தடிமனாக முலாம் பூசிய வளையல் ஒன்று 91.7 காட்டியது. கையில் எடுத்தால் பருமனுக்கேற்ற கனம் இல்லை. அரம் போட்டு உள்ளே உரைத்தேன், உரைகல்லில் செம்புக் கோடு விழுந்தது. கொண்டு வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான்.

இன்னொரு ஆள் கொண்டு வந்த சங்கிலியில் ஹால்மார்க் முத்திரையோடு, நகைக்கு நகை தனியாகக் கொடுக்கிற ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. எண் அழகாக இருந்தது. அதைச் சரிபார்க்கிற பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அந்த எண் மோதிரத்துக்கு உரியது! முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாதுங்க, எந்த நகைக்குக் கொடுத்த முத்திரை என்றும் பாருங்கள்.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட்:
எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவன், மனைவி என்று சொல்லி வந்த இருவரிடம் சரடு வாங்கினேன். ஆதார், போட்டோ, பில் எல்லாம் இருந்தது, பணமும் வங்கி வழியாகத்தான் போனது. நாலு மாதம் கழித்து போலீஸ் அந்த ஆளையே கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. நான் எப்போதோ உருக்கியாகிவிட்டது. அதே எடைக்குத் தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கவில்லை என்பதற்கு அந்த பில்தான் சாட்சி, அதனால் வழக்கில் என் பெயர் சேரவில்லை. தங்கம் போனது போனதுதான். இப்போது கொக்கி அறுந்த சங்கிலி, தாலி கழற்றிய சரடு எது வந்தாலும் உடனே வாங்குவதில்லை. வீட்டிலிருந்து இன்னொருத்தரைக் கூட்டி வாங்க என்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

கரூர் மாமா:
அடகில் இருக்கிற நகையைப் பணம் கட்டி மீட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க. மீட்கிற பணத்தை நான் கட்டினேன், ஆனால் ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் நகையைக் கொடுப்பார்கள். கொடுத்தார்கள். வாசலில் அவர் சம்சாரம் நின்றுகொண்டிருந்தது. "எம்பட நகையை விக்க இவரு ஆருங்க?" என்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. நான் யாரோடு சண்டை போடுவது? இப்போதெல்லாம் ரசீதுக்காரரோடு வீட்டம்மாவையும் முதலிலேயே பார்த்துப் பேசிவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன்.

ஈரோட்டான்:
மாமா, அந்தப் பணம் வந்துதுங்களா?

கரூர் மாமா:
ஏழு தவணையில் வந்துது. கடைசித் தவணைக்குப் பதிலா ரெண்டு மூட்டை தேங்காய்.