ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டுதான் குறைந்தபட்சம் என்று போட்டால் விற்பனை அடிபடுமா?

விளக்குக்காரன்:

வணக்கம். நானும் என் நண்பனும் இரண்டே பேராக மூன்று வருடமாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு காவலாளியின் கதை. புரோகிராம் எழுதுவது நான், மாடல், டெக்ஸ்சர் எல்லாம் அவன். ராத்திரி, பனிமூட்டம், கடல், நிற்காமல் சுற்றும் ஒரு விளக்கு. கேமின் உயிரே அந்த வெளிச்சம்தான் என்பதால் கேம் செய்யும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் லூமென் (ஆடும்போதே வெளிச்சத்தைக் கணக்கிடுவது), நானைட் (நுணுக்கமான மாடல்களைக் காட்டுவது) என்று இருப்பதையெல்லாம் முடுக்கிவிட்டிருக்கிறோம். பார்க்க அள்ளிக்கொண்டு போகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் எங்கள் பக்கத்தில் 'குறைந்தபட்சத் தேவை' என்ற இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நண்பன் ஆர்டிஎக்ஸ் 2060, 16 ஜிபி ரேம் என்று போட்டுவிட்டான். கேட்டால், "இதுக்குக் கீழ வச்சிருக்கிறவங்க இந்த மாதிரி கேம் வாங்க மாட்டாங்கடா, விடு" என்கிறான்.

அதே வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மகனின் லேப்டாப்பில் டெமோவைப் போட்டுப் பார்த்தேன். ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. திறந்த நிமிடமே ஃபேன் இரைய ஆரம்பித்தது. படிக்கட்டில் ஏறும்போது நொடிக்கு 11 ஃப்ரேம். கதவைத் திறந்தால் சுவர் முதலில் களிமண் பூசின மாதிரி மொழுக்கென்று தெரிகிறது, மூன்று நொடி கழித்துத்தான் செங்கல் வருகிறது. பையன் மரியாதைக்குக் கால் மணி நேரம் ஆடினான். "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா நின்னு நின்னு வருது" என்று சொல்லிவிட்டு மைன்கிராஃப்டுக்குப் போய்விட்டான்.

வெளிச்ச வேலையை மாற்றிச் செய்தால் வெளியீடு இன்னும் ஐந்தாறு மாதம் தள்ளிப்போகும். மாற்றாவிட்டால் எத்தனை பேரை இழப்போம்? தேவை அதிகமாக இருப்பது விற்பனையை நிஜமாகவே பாதிக்குமா, இல்லை கேம் நன்றாக இருந்தால் ஜனங்கள் கார்டு மாற்றியாவது ஆடுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தூசிதட்டிய கார்டு:

வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060. ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் டிரெய்லரைக்கூடப் பார்க்க மாட்டேன், நேராகக் கீழே இறங்கித் தேவைப் பட்டியலைத்தான் பார்ப்பேன். 2060 என்று இருந்தால் விஷ்லிஸ்டில்கூடப் போடாமல் மூடிவிடுவேன். கோபமெல்லாம் இல்லை. நமக்கு இல்லை போல என்று தோன்றும், அவ்வளவுதான்.

கோபம் வந்த கதை வேறு. ஒரு கேமில் (பெயர் வேண்டாம்) குறைந்தபட்சம் 1060 என்றே போட்டிருந்தார்கள். நம்பி வாங்கினேன். முதல் தடவை திறந்ததும் ஷேடர் (கார்டுக்கான வரைதல் நிரல்) தயாராகிறது என்று ஒரு கோடு நகர ஆரம்பித்தது. 50 நிமிடம். குளித்துவிட்டு வந்தேன், துணி மடித்து வைத்தேன், கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் ஆடினால் எல்லா செட்டிங்கும் 'லோ'வில் வைத்து 22 ஃப்ரேம். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தானே ரீஃபண்ட்? கோடு நகர்ந்த 50 நிமிடமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது! 1 மணி 54 நிமிடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். கையோடு ஒரு ரிவ்யூவும் எழுதினேன், நீளமாக.


சோதனைச்சாவடி:

பத்துப் பன்னிரண்டு வருடம் கேம் சோதிப்பதே பிழைப்பாக இருந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வது பழைய கணக்கு. ஒரு காலத்தில் அது ஓரளவு பலித்தது. 2007 நவம்பரில் கிரைசிஸ் வந்தபோது அதை முழு அழகோடு ஓட்டக்கூடிய கணினி அநேகமாக யாரிடமும் இல்லை. விற்பனையைக் கணக்கெடுக்கும் என்பிடி நிறுவனத்தின் கணக்குப்படி அந்த மாதம் அமெரிக்கக் கடைகளில் விற்றது 86,633 பிரதி. 'கார்டைத் தின்கிற கேம், அதான் போணியாகவில்லை' என்று எல்லாரும் எழுதித் தீர்த்தார்கள். ஆனால் சில மாதங்களிலேயே உலக அளவில் 10 லட்சத்தைத் தாண்டியது, 2010 வாக்கில் 30 லட்சத்தை. காரணம், புதுக் கார்டு வாங்கியவன் முதல் வேலையாக இதைத்தான் போட்டுப் பார்த்தான். கார்டுகளும் அப்போது சீக்கிரம் கீழே இறங்கி வந்தன. 2006 கடைசியில் வந்த 8800 ஜிடிஎக்ஸின் வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்த 8800 ஜிடி, ஒரே வருடத்தில் அதன் பாதி விலைக்கும் குறைவாக வந்துவிட்டது. கேம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க, கார்டுகள் ஓடி வந்து சேர்ந்துகொண்டன.

அப்படியும் கிரைசிஸைச் செய்த கிரைடெக் நிறுவனம் என்ன செய்தது பாருங்கள். கணினிக்கு மட்டும் என்று இனிமேல் கேம் செய்யப்போவதில்லை என்று 2008-லேயே அதன் தலைவர் செவாட் யெர்லி சொல்லிவிட்டார். அவர் குறை சொன்னது திருட்டுப் பிரதியை. எதுவானால் என்ன, 2011-ல் கிரைசிஸ் 2 எக்ஸ்பாக்ஸ் 360-லும் பிளேஸ்டேஷன் 3-லும் ஓடியது. அந்தப் பெட்டிகளில் மொத்த மெமரியே 512 எம்பி. கணினியை அழ வைத்த அதே ஆட்கள்தான் அதற்குள்ளும் அடக்கினார்கள்.

இப்போது கார்டுகள் அப்படி ஓடி வருவதில்லை. ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் ஹார்டுவேர் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 பல வருடம் முதலிடத்தில் இருந்தது, 2022 கடைசி வரை. அதைத் தள்ளிவிட்டு மேலே வந்தது எது தெரியுமா? ஜிடிஎக்ஸ் 1650. எண் பெரியது, வேகம் 6 ஜிபி 1060-ஐ விடக் குறைவு. அதாவது ஆறு வருடம் கழித்து ஜனங்கள் கையில் அதிகமாக இருந்த கார்டு முந்தையதைவிட மெதுவான கார்டு! உங்கள் அக்கா மகன் வைத்திருப்பதும் அதுதான். 1060, 1650 இரண்டிலுமே ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம், நிழல் காட்டுவது) தனி வன்பொருள் கிடையாது. பிறகு 3060, 4060 வகையெல்லாம் மேலே வந்துவிட்டன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை.

இன்னொன்று. மேலே தூசிதட்டிய கார்டு எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். 2060 என்று பார்த்தால் சத்தமில்லாமல் போய்விடுகிறார். 1060 என்று நம்பி ஏமாந்தால் பணத்தையும் வாங்கிக்கொண்டு ரிவ்யூவும் எழுதுகிறார். முதலாமவரால் உங்களுக்குப் போவது ஒரு பிரதி. இரண்டாமவரால் போவது அதோடு நிற்காது. ஸ்டீமில் பத்து ரிவ்யூ சேர்ந்தால்தான் மதிப்பீடு என்று ஒன்று காட்டும். உங்களை மாதிரி சின்ன கேமுக்கு அந்தப் பத்தில் நாலு பேர் 'நின்னு நின்னு வருது' என்று எழுதிவிட்டால் பக்கத்தின் நெற்றியில் 'கலவை' என்று ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் 4090 மாதிரி பெரிய கார்டு வைத்திருப்பவன்கூட யோசிப்பான். அதனால் தேவையைக் கூட்டிப் போடுவதால் வரும் நஷ்டத்தைவிட, குறைத்துப் போட்டுவிட்டு ஓடாமல் போவதால் வரும் நஷ்டம் பெரியது. இரண்டும் வேண்டாம் என்றால் நிஜமாகவே ஓட வைக்க வேண்டும்.

எங்கே கனம் என்று பார்க்காமல் லூமெனைத் திட்டவும் வேண்டாம். 2023 அக்டோபரில் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 என்ற நகரம் கட்டும் கேம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நினைத்த வேகத்தை எட்டவில்லை என்று செய்தவர்களே வெளியீட்டுக்கு முன்னால் ஒப்புக்கொண்டார்கள். வந்த பிறகு ஆட்கள் உள்ளே நோண்டிப் பார்த்தால், நகரத்தில் எறும்பு மாதிரி நடந்து போகும் ஒவ்வொரு மனிதனுக்கும் வாய்க்குள் தனித்தனியாகப் பல். யாரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தாலும் அந்த உயரத்திலிருந்து தெரியாது. கார்டு பாட்டுக்கு அதையும் சுமந்துகொண்டிருந்தது.

உங்கள் கேமில் அசைகிற பெரிய வெளிச்சம் அந்த ஒரு விளக்குதானே? அதை மட்டும் நிழலோடு நேரடியாக விட்டுவிட்டு, அறைகளின் மற்ற வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு டெக்ஸ்சரில் பதித்துவிடலாம். பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. அதற்கும் முன்னால் அந்த 1650 லேப்டாப்பிலேயே 'ஸ்டாட் ஜிபியு' கமாண்டைப் போட்டு எது நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினியில் பார்த்துப் பிரயோஜனமில்லை.


முழுவேகம்:

சாவடி அண்ணா, எல்லாம் சரி, ஆனால் கனமான கேம் விற்காது என்பதை ஏற்க முடியவில்லை. சைபர்பங்க் 2077 வந்த பத்தே நாளில் 1 கோடியே 30 லட்சம் பிரதி. மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரி 28-ல் வந்து மூன்று நாளில் 80 லட்சம். இரண்டுமே கணினியைப் பிழிந்தெடுத்த கேம்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டே வாங்கினார்கள், நானும்தான்.


சோதனைச்சாவடி:

தம்பி, விற்காது என்று நான் சொல்லவே இல்லை. பெயருக்காக முதல் நாளே வாங்குகிற கூட்டம் எப்போதும் உண்டு. அது தேவைப் பட்டியலைப் படிப்பதில்லை. அடுத்து வருகிறவன்தான் படிக்கிறான், ரிவ்யூவையும் சேர்த்து. வைல்ட்ஸ் முதல் மாதத்தில் 1 கோடி. அதற்கடுத்த ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்து அதைச் செய்த கேப்காம் நிறுவனம் காட்டிய கணக்கு 4 லட்சத்து 77 ஆயிரம். சரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சாதாரண 1080பி திரையில் 60 ஃப்ரேம் வரவே, இல்லாத ஃப்ரேமை இட்டு நிரப்பும் ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துக் கணக்குக் காட்டிய பரிந்துரைப் பட்டியல் அது. அங்கேயே எனக்கு உதைத்தது. சைபர்பங்க் கதையும் அதேதான். பழைய பிளேஸ்டேஷன் 4-லும் ஓடும் என்று விற்றார்கள், ஓடின லட்சணத்தைப் பார்த்து சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வர ஆறு மாதம் ஆனது.

எதிர்ப்பக்கம் பேட்டில்ஃபீல்டு 6. வேகம்தான் முக்கியம் என்று ரே டிரேசிங்கே வைக்காமல் 2025 அக்டோபரில் விட்டார்கள். மூன்று நாளில் 70 லட்சம். அதுவும் பெரிய பெயர்தான், அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெயரே இல்லாமல் வந்ததைப் பார்க்க வேண்டும் என்றால் வால்ஹெய்ம்: ஐந்து பேர் செய்தது, இன்ஸ்டால் செய்தால் 1 ஜிபி அளவுதான், ஒரு மாதத்தில் 50 லட்சம். டெக்ஸ்சரெல்லாம் மொத்தை மொத்தையாக இருக்கும். ஆனால் காட்டுக்குள் சாயங்கால வெயில் விழுகிற இடத்தை ஒரு தடவை பாருங்கள், விளக்குக்காரரே. உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறது.


விளக்குக்காரன்:

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறேன்.

அக்கா மகனிடம் என் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கி வந்தேன். (திருப்பிக் கொடுக்கவே மாட்டேன் என்கிறான், அது தனிப் பஞ்சாயத்து.) 'ஸ்டாட் ஜிபியு' போட்டால் படிக்கட்டில் நேரத்தைத் தின்றது லூமென் மட்டும் இல்லை, நிழல். எதன் நிழல் என்று ஒவ்வொரு பொருளாக மறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மாட்டியது ஒரு கயிறு. விளக்கு அறைக்குக் கீழே ஆணியில் தொங்கும் கயிற்றுச் சுருள். நண்பன் அதை நூல் நூலாக முறுக்கிச் செய்திருக்கிறான். காற்றில் ஆடுகிற கயிறு என்பதால் நானைட்டிலும் சேர்க்காமல் விட்டிருந்தோம். விளக்கு ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அத்தனை நூலுக்கும் நிழலைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. அது தொங்குவது கதவுக்குப் பின்னால்! கதவைச் சாத்தினால்தான் தெரியும், ஆடுகிற யாரும் சாத்துவதில்லை. எங்கள் பல் அந்தக் கயிறு.

அதை மறைத்ததும் 11 ஃப்ரேம் 19 ஆனது. அறை வெளிச்சங்களைப் பதித்து, 4 ஜிபி கார்டுக்கென்று டெக்ஸ்சரைப் பாதியாக்கிய பிறகு படிக்கட்டில் 34. ஐந்தாறு மாதம் என்று பயந்தது இதுவரை நாலு வாரம்தான் எடுத்திருக்கிறது, இன்னும் கடல் பாக்கி. லூமெனை 'ஹை' செட்டிங்கில் அப்படியே விட்டிருக்கிறோம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். கயிற்றைச் சாதாரண உருளையாக மாற்றி மேலே டெக்ஸ்சர் ஒட்டிவிட்டேன். "ஒரு வாரம் உக்காந்து முறுக்கினேன்டா" என்று நண்பன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பட்டியலில் இன்னும் 2060 என்றே இருக்கிறது. புது டெமோ ஏற்றியிருக்கிறேன். பழைய கார்டு வைத்திருப்பவர்கள் படிக்கட்டில் ஒரு தடவை ஏறிப் பார்த்து எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று சொன்னால் அதை வைத்துத்தான் எண்ணை மாற்றப்போகிறேன்.


தூசிதட்டிய கார்டு:

1060, 6 ஜிபி. படிக்கட்டில் 41, மேலே விளக்கு அறையில் 36. கடைசிப் படியில் ஒரு தடவை திக்கியது, அப்புறம் இல்லை. கதவைச் சாத்தியும் பார்த்தேன், கயிறு கயிறாகத்தான் தெரிகிறது, நண்பரிடம் சொல்லிவிடுங்கள். கடல் சத்தம் மட்டும் ரொம்ப அதிகம், குறைக்க செட்டிங்கில் எதுவும் இல்லை. விஷ்லிஸ்டில் போட்டாச்சு.