தம்பிக்கு சிங்கப்பூர் வேலைக்கான முன் அனுமதிக் கடிதம் (ஐபிஏ) வந்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கொட்டாம்பட்டி அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. ஐடிஐயில் வெல்டர் படித்துவிட்டு கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். சிங்கப்பூர் போயே ஆக வேண்டும் என்று கட்டுமான வேலைக்கான டெஸ்ட் அடித்து பாஸும் ஆகிவிட்டான். இப்போது மேலூரில் ஒரு ஏஜென்ட் மூலம் ஐபிஏ வந்துவிட்டது என்கிறார்கள்.

அவர் கேட்பது 3,50,000 ரூபாய். இந்த வாரம் இரண்டு லட்சம், டிக்கெட் போட்டதும் மீதி. ரசீது கேட்டால், "எல்லாரும் இப்படித்தான்மா கட்டுறாங்க" என்கிறார். ஐபிஏவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினார். தம்பி பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தெரிகின்றன, அதற்குக் கீழே வெட்டியிருக்கிறது. சம்பளம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும் என்று வாயால் சொன்னதுதான். தம்பியின் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது.

அப்பாவுக்குப் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர், அவ்வளவுதான். அடகு வைக்கப் போவது என் நகை. அவனுக்காக வைக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கொடுக்கிற பணம் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சிராங்கூன் நத்தம்காரர் எழுதியது:

தங்கச்சி, எனக்கு நத்தம். சிங்கப்பூருக்குக் கட்டுமானத்தில் சாதாரண வேலை பெர்மிட்டில் வந்து, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருகிற பையன்களை மெடிக்கலுக்கும் சேஃப்டி கோர்ஸுக்கும் அழைத்துப் போவது என் பொறுப்பு. வந்த அன்றைக்கே அவர்கள் கையில் இருக்கிற ஐபிஏவை வாங்கிப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு அதில் தங்கள் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்றே தெரிந்திருக்காது. ஊரில் நிலத்தையும் நகையையும் வைத்துவிட்டு வந்த பையன் இங்கே வந்து நின்று அந்தத் தாளை முதன்முதலாகப் படிப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வாரம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் ஐபிஏ முழுவதும் உங்கள் கைக்கு வரட்டும். அது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கிற முன் அனுமதிக் கடிதம். அதைக் காட்டித்தான் இந்த ஊருக்குள் நுழைய முடியும். வந்த பிறகு மெடிக்கல், கைரேகை எல்லாம் முடிந்து பெர்மிட் அட்டை கிடைக்கும். தொழிலாளி ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கடிதத்தை அவருடைய தாய்மொழியில் அனுப்ப வேண்டும் என்பது முதலாளிக்கு இங்கே விதி. அதனால் ஏஜென்டிடம் "தமிழ்ப் பிரதி கொடுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். அது உங்கள் தம்பியின் உரிமை, அவர் செய்கிற உபகாரம் இல்லை.

தாள் கைக்கு வந்ததும், அதில் இருக்கிற எண்களை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உண்மையான ஐபிஏ என்றால் விண்ணப்பத்தின் நிலை அங்கே தெரியும். பணம் எதுவும் வேண்டாம், போனிலேயே பார்க்கலாம்.

அடுத்தது சம்பளம். பேசிக் எவ்வளவு, படி எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்தம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன 1,000 எந்தக் கணக்கிலும் சேராது. தாளில் இருக்கிற பேசிக்கை முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது; தொழிலாளி எழுதிக் கொடுத்து, அமைச்சுக்கும் தெரிவித்தால்தான் குறைக்கலாம். இங்கே வந்த பிறகு வேறு ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடக்கூடாது என்று தம்பிக்கு இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டுகிற லெவி வரியும், 5,000 வெள்ளி பாண்டு என்கிற பிணையும் முதலாளி தலையில்தான். மருத்துவ இன்சூரன்ஸ், திரும்ப ஊருக்கு அனுப்புகிற செலவு இரண்டும் அப்படியே. "லெவிக்கு மாதம் இவ்வளவு பிடிப்போம்" என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம். வேலை கொடுப்பதற்காகவே முதலாளி பணம் வாங்குவதும் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில்.

இனி அந்த மூன்றரை லட்சம். நம் நாட்டு விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். "நான் இல்லை, சென்னையில் பெரிய ஏஜென்ட் இருக்கிறார்" என்று சொன்னால், அந்தச் சென்னைக்காரரின் எண்ணைக் கேளுங்கள். எண்ணே இல்லை என்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சிக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஆறு மாதத்துக்குள் கம்பெனி அனுப்பிவிட்டால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் இதெல்லாம் இங்கே உரிமம் பெற்ற ஏஜென்சிக்கு ரசீதோடு கட்டிய பணத்துக்குத்தான். மேலூரில் கையில் கொடுத்த பணத்தை இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

தாள் வந்ததும் பேசிக் எவ்வளவு என்று எழுதுங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.

ரேஸ்கோர்ஸ் இ-சேவை எழுதியது:

அக்கா, நான் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் பூர்த்தி செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். தம்பி பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பாருங்கள். பெர்மிட் அதிகபட்சம் இரண்டு வருஷம் கொடுப்பார்கள், ஆனால் பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது என்றால் பெர்மிட்டும் குறையும். முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூட 2,000. ஐபிஏவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் அப்பா பெயராக விரித்துப் பின்னால் போடுவார். விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது.

தம்பி பத்தாவது பாஸ் என்றால் குடியகல்வு அனுமதி முத்திரை பிரச்சினை இல்லை. சிங்கப்பூர் அந்த முத்திரை தேவைப்படும் நாடுகளின் பட்டியலிலும் இல்லை. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொட்டாம்பட்டி அக்கா எழுதியது:

அண்ணன் சொன்னபடி தமிழ்ப் பிரதி கேட்டோம். முதலில் கோபப்பட்டார், அப்புறம் அனுப்பிவிட்டார். இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம், ஐபிஏ உண்மைதான். பேசிக் 520 வெள்ளி. படி ஒன்றும் இல்லை. தங்குமிடம் கம்பெனி கொடுக்கும், சாப்பாடு நம் செலவு. "ஓடி (ஓவர்டைம்) பார்த்தால் தாராளமா 1,000 தாண்டும்" என்கிறார் ஏஜென்ட். பதிவு எண் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தம்பி போயே தீருவேன் என்று நிற்கிறான்.

சிராங்கூன் நத்தம்காரர் எழுதியது:

ஐபிஏ உண்மை என்பதில் நிம்மதி. இனி தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓடிக்கு இங்கே சட்டத்தில் கணக்கு இருக்கிறது. மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52க்கு 44 என்று வருகிற 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 520க்கு அது 2 வெள்ளி 73 காசு. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4 வெள்ளி 9 காசு. மாதத்துக்கு ஓடி 72 மணி நேரம்தான் வரம்பு. அத்தனையும் கிடைத்தாலும் 294 வெள்ளி. பேசிக்கோடு சேர்த்து 814. ஆயிரம் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டால் அன்றைக்கு இரட்டைச் சம்பளம், அது உண்மை. ஆனால் எல்லா வாரமும் கூப்பிடுவார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதித் தரமாட்டார்கள். சைட்டில் வேலை குறைந்தால் முதலில் போவது ஓடிதான்.

கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு, பஸ் என்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 250 வெள்ளி போய்விடும். வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேசிக் மட்டும் என்றால் மிச்சம் 270 வெள்ளி, அதாவது 17,550 ரூபாய். மூன்றரை லட்சம் அடைய இருபது மாதம். நகைக்கு ஒரு வட்டி என்றாலே மாதம் 3,500, அதைக் கழித்தால் இன்னும் நீளும். பெர்மிட்டோ இரண்டு வருஷம். ஓடி முழுசாகக் கிடைத்தால் மாதம் 36,000 ரூபாய்க்கு மேல் அனுப்பலாம், பத்து மாதத்தில் அடையும், அதுவும் வட்டி தனி.

கடனை பேசிக்கை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓடியை நம்பிக் கடன் வாங்கிய பையன்கள் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார்கள், கையில் அடிபட்டால்கூட மறைக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் பேசிக்கிலேயே அடையாத கடன் என்றால் அந்த வழியில் வரவே கூடாது.

தம்பி, உனக்கு நேராகவே சொல்கிறேன். நீ வராதே என்று நான் சொல்லவில்லை. டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கிறாய், வெல்டிங் தெரியும். உன் கை வேலைக்கு 520 குறைவு. நம் பக்கத்திலிருந்து ஏற்கெனவே இங்கே கம்பெனிகளில் இருப்பவர்களிடம் சொல்லி வை. ஆள் தேவைப்படும்போது கம்பெனியே நேராக விண்ணப்பிக்கும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது, அதில் பதிந்து வை. கப்பலூர் வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதே.

கீழக்குயில்குடி வீட்டுக்காரி எழுதியது:

என் வீட்டுக்காரர் அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிறார். அண்ணன் சொன்ன கணக்கு சரி. பின்னால் தம்பி நல்ல வேலையில் போகும்போது உதவும் என்று சிலது சொல்கிறேன். போனதும் இங்கே வங்கியில் என்ஆர்ஐ கணக்கு திறந்து அதிலேயே பணம் அனுப்பச் சொல்லுங்கள், உறவுக்காரர் கணக்குக்கு அனுப்பினால் பின்னால் மனஸ்தாபம்தான். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாகப் பதியலாம், அதற்கும் பணம் பிடுங்குகிற தளங்கள் இருக்கின்றன. குட்கா, வாயில் அடக்குகிற புகையிலை ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் இருக்கக்கூடாது, அங்கே தடை. சிகரெட் ஒன்று கொண்டுபோனாலும் வரி. பாஸ்போர்ட்டை அங்கே கம்பெனி கேட்டாலும் கொடுக்கக்கூடாது, அது தொழிலாளி கையில்தான் இருக்க வேண்டும்.

கொட்டாம்பட்டி அக்கா எழுதியது:

தம்பி எல்லாவற்றையும் படித்தான். கால்குலேட்டரில் அவனே திரும்பப் போட்டுப் பார்த்தான். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் "வேண்டாம்கா, நகை இருக்கட்டும்" என்றான். ஏஜென்டிடம் சொல்லிவிட்டோம். இப்போது பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர 25,000 கேட்கிறார், ஐபிஏ போட்ட செலவாம். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

சிராங்கூன் நத்தம்காரர் எழுதியது:

கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் 25,000 கேட்ட வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள், போனில் கேட்டிருந்தால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மேலூர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு. இ-மைகிரேட் தளத்திலும் புகார் பதியலாம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பதிவு எண் இல்லாதவர் என்றால் மனுவில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அப்பாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள், தங்கச்சி.