செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி, பக்கத்தில் மல்பெரித் தோட்டம்

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் வீடு. வாசலிலிருந்து கிணற்றடி வரை செம்பருத்தி வேலி, ஐந்து வருடமாக வெட்டி வெட்டி அடர்த்தியாக வளர்த்தது. ஒரு மாதமாகக் கொழுந்தெல்லாம் சுருண்டு, தண்டில் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி. எறும்பும் ஏறுகிறது.

கடையில் மருந்து கொடுத்தார்கள், அடிக்க மனம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் மல்பெரித் தோட்டம். அந்தத் தழைதான் பட்டுப்புழுவுக்குப் போகிறது. மருந்து காற்றில் போய்ப் பட்டால் புழு செத்துவிடும். வேப்பெண்ணெயும் புழுவுக்கு ஆகாது. இது பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால் மல்பெரிக்கும் தாவிவிடுமே என்று பயமாக இருக்கிறது.

அதைக் கட்டுப்படுத்த 2010-இல் தமிழ்நாட்டில் விட்ட அசரோபேகஸ் ஒட்டுண்ணிக் குளவி இப்போது நம் தருமபுரியில் எங்கே கிடைக்கும்? அதுவரை கிளைகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.